நெகிழ்வட்டுகளில் கிடந்த பழைய குறிப்புகளை மீட்ட கதை

இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஓர் அட்டைப்பெட்டியில் கிடந்த மூன்றரை அங்குல நெகிழ்வட்டுகளிலிருந்து, அதாவது பிளாப்பிகளிலிருந்து, என் சொந்தக் குறிப்புகளை வெளியே எடுத்து, இன்றைய கணினியிலும் கைபேசியிலும் படிக்கக்கூடிய ஒருங்குறி, அதாவது யூனிகோட், உரையாக மாற்றிய வேலையின் பதிவு இது. வட்டுகள் பத்துப் பன்னிரண்டு இருக்கும். முதல் வேலைக்காக, தெரிந்தவர் எவரும் இல்லாத ஓர் ஊரில் ஒற்றை அறையில் தங்கியிருந்த காலத்தில், பெரும்பாலும் இரவுகளில், வேர்ட் 97 மென்பொருளில் பாமினி எழுத்துருவைக் கொண்டு தட்டச்சு செய்து வைத்தவை அவை. இதுபோன்ற வட்டுகளை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பவர்கள் பலர் இருப்பார்கள் என்பதால் வேலையின் படிகளை விரிவாக எழுதுகிறேன். ஆனால் இந்த வேலையைக் குறிப்புகளைப் படிக்காமல் செய்ய முடியாது. எழுத்து சரியாக மாறியிருக்கிறதா என்று பார்ப்பதற்காகவேனும் ஒவ்வொரு வரியையும் படித்தாக வேண்டும். ஆகவே அவை பேசுகிற தனிமையைப் பற்றியும் இடையிடையே எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் வட்டுகளின் நிலை. நெகிழ்வட்டின் உலோக மூடியை விரலால் நகர்த்தினால் உள்ளே பழுப்பு நிறத்தில் காந்தப் படலம் தெரியும். விளக்கின் அருகே வைத்து, நடுவிலுள்ள உலோகத் தட்டை மெல்லச் சுழற்றிக்கொண்டே பார்த்தால், பூஞ்சை இருக்கும் இடம் வெண்புள்ளிகளாகவோ மங்கலான திட்டுகளாகவோ புலப்படும். அப்படிப்பட்ட வட்டை எந்தக் காரணம் கொண்டும் நேராக இயக்கியில் போடக்கூடாது. படிக்கும் முனை அந்தப் பூஞ்சையை வட்டின் மீது தேய்த்துக் காந்தப் படலத்தையே உரித்துவிடும். முனையில் ஒட்டிக்கொண்ட அழுக்கு அடுத்து வருகிற நல்ல வட்டையும் கெடுக்கும். என்னிடம் இருந்தவற்றில் சிலவற்றில் பூஞ்சை இருந்தது. பஞ்சு சுற்றிய குச்சியை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, அழுத்தாமல், வட்டைச் சிறிது சிறிதாகத் திருப்பி இரண்டு பக்கமும் துடைத்து, முழுவதும் உலர்ந்த பிறகே பயன்படுத்தினேன். ஒவ்வொரு வட்டுக்கும் பிறகு இயக்கியின் முனையையும் அதே திரவத்தால் துடைப்பது நல்லது.

அடுத்தது எழுதுதடை. வட்டின் மூலையிலுள்ள சிறிய பிளாஸ்டிக் சில்லை நகர்த்தித் துளையைத் திறந்து வைத்தால் அந்த வட்டில் எதையும் எழுத முடியாது. இதைச் செய்யாமல் வட்டை உள்ளே போட்டால், இயங்குதளம் தானாகவே ஏதேனும் ஒரு தேதியை மாற்றி எழுதிவிடக்கூடும். கோப்புகளின் தேதிகள் இந்த வேலையில் எவ்வளவு முக்கியம் என்பது பின்னால் தெரியும்.

யூஎஸ்பி வழியாக இணைக்கும் நெகிழ்வட்டு இயக்கி இன்றும் கிடைக்கிறது. அதை இணைத்ததும் கோப்புகளைத் திறந்து பார்க்கத்தான் கை பரபரக்கும். அதை அடக்கிக்கொண்டு, வட்டு முழுவதையும் முதலில் ஒரே படிமக் கோப்பாக நகலெடுத்துவிட வேண்டும். 1.44 எம்பி என்று அச்சிட்டிருக்கும் வட்டில் பக்கத்துக்கு 80 தடங்கள், தடத்துக்கு 18 பிரிவுகள், பிரிவுக்கு 512 பைட்டுகள். இரண்டு பக்கமும் சேர்த்து 2,880 பிரிவுகள், அதாவது 14,74,560 பைட்டுகள். படிமக் கோப்பின் அளவு இதைவிடக் குறைந்தால் வட்டு முழுவதும் வரவில்லை என்று பொருள். இதற்கு நான் பயன்படுத்தியது டிடிரெஸ்க்யூ என்ற கட்டற்ற நிரல். தேர்வில் தெரிந்த கேள்விகளுக்கு முதலில் விடை எழுதிவிட்டு மற்றவற்றுக்குப் பிறகு திரும்புவதைப் போல, அது எளிதாகப் படிக்க முடிகிற பிரிவுகளை முதல் சுற்றில் எடுத்துக்கொண்டு, முரண்டு பிடிக்கும் பிரிவுகளைக் கடைசியில்தான் திரும்பத் திரும்ப முயல்கிறது. எந்தப் பிரிவு கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்பதை ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொள்கிறது. இந்த வரைபடக் கோப்புதான் அதன் பெரிய வசதி. ஓர் இயக்கியில் படிக்க மறுத்த பிரிவுகளை, முனையின் நிலை சற்றே மாறுபட்டிருக்கும் வேறோர் இயக்கியில் வைத்து, அதே வரைபடத்தைக் கொடுத்து ஓட்டினால், விடுபட்டவற்றை மட்டும் தேடி நிரப்பும். இரவல் வாங்கிய இரண்டாவது இயக்கியால் எனக்குப் பல பக்கங்கள் கிடைத்தன.

படிமங்கள் கிடைத்தபின் வட்டுகளை மீண்டும் பெட்டியில் வைத்துவிட்டேன். இதற்கு மேல் நடந்தவை எல்லாம் படிமங்களின் நகல்களில்தான் நடந்தன.

கோப்புகளைத் தேதி வரிசைப்படி அடுக்குவது எளிது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் ஒரு கணிசமான பகுதிக் கோப்புகள் 1980 ஜனவரி 1 என்ற தேதியைக் காட்டின. அந்த நாளில் நான் தட்டச்சு செய்திருக்க வழியே இல்லை. நெகிழ்வட்டின் கோப்பு முறைமையில் காலக்கணக்கு 1980-இலிருந்துதான் தொடங்குகிறது. தாய்ப்பலகையின் சிறிய மின்கலம் தீர்ந்துபோன கணினி, ஒவ்வொரு முறை இயக்கும்போதும் நாளை மறந்து தொடக்கப் புள்ளிக்குப் போய்விடும். அந்த அறையில் இருந்த பழைய கணினியின் மின்கலத்தை நெடுநாள் மாற்றாமலே இருந்திருக்கிறேன் என்பது இப்படித்தான் தெரிந்தது. அந்தக் கோப்புகளை, உள்ளே எழுதியிருக்கும் செய்திகளைக் கொண்டு மட்டுமே வரிசைப்படுத்த முடிந்தது: மழை, சம்பள நாள், அலுவலகத்தில் ஒருவரின் பணிமாற்றம், ஒரு கிரகணம். முடிவு செய்ய இயலாதவற்றை 'நாள் தெரியாதவை' என்று தனி அடைவில் போட்டேன். ஊகித்து ஒரு தேதியைக் கொடுத்துவிட்டால் பின்னாளில் அந்த ஊகமே உண்மையாகிவிடும் என்பதால் அதில் பிடிவாதமாகவே இருந்தேன்.

இனி எழுத்துருவின் கதை. இந்த வேலையில் அதிக நேரத்தை எடுத்துக்கொண்டதும், செய்யும்போது மிகவும் பிடித்துப்போனதும் இதுதான். ஒருங்குறியில் தமிழுக்கு 1991-இலேயே இடம் கிடைத்துவிட்டது என்றாலும், விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோடு வரும்வரை சாதாரணப் பயனரின் மேசைக்கு அது வந்து சேரவில்லை. இடைப்பட்ட காலத்தில் டிஸ்கி என்ற தமிழ்க் குறியீட்டு முறை இருந்தது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்ற குறியீட்டு முறைகள் வந்தன. இவற்றுக்கு வெளியே, தட்டச்சுப் பொறியில் பழகிய விரல்களுக்கு வசதியாக, பாமினி போன்ற எழுத்துருக்கள் ஆண்டுகொண்டிருந்தன. பாமினியில் கணினியைப் பொறுத்தவரை தமிழ் என்பதே கிடையாது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்கள் வரையப்பட்டிருக்கும், அவ்வளவுதான். 'நான்' என்று நாம் பார்ப்பது கோப்பில் ஈ, எச், டி, அரைப்புள்ளி என்ற நான்கு குறிகளாக இருக்கும். எழுத்துரு இல்லாத கணினியில் அதைத் திறந்தால் பக்கம் முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளுமாகக் காட்சி தரும். வேர்டின் பிழைதிருத்தி அதை ஆங்கிலமென்று நம்பி ஒவ்வொரு சொல்லின் அடியிலும் சிவப்பு நெளிகோடு போட்டுவைக்கும். எழுதிய காலத்தில் அந்தக் கோடுகளோடுதான் எழுதினேன். என் மனத்தில் இருந்ததை எல்லாம் யாரோ தவறு தவறு என்று சொல்லிக்கொண்டிருந்த மாதிரி அப்போது தோன்றியதாக ஒரு குறிப்பிலேயே இருக்கிறது.

பாமினியிலிருந்து ஒருங்குறிக்கு மாற்ற இணையத்தில் பல மாற்றிகள் உண்டு. பைத்தான் மொழியில் நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு ஓப்பன் தமிழ் என்ற தொகுப்பிலும் அதற்கான செயல்கூறு இருக்கிறது. சொந்தக் குறிப்புகளை முகம் தெரியாத தளத்தில் ஒட்டுவதில் எனக்கு விருப்பம் இல்லாததால் என் கணினியிலேயே செய்துகொண்டேன். எந்தக் கருவியைப் பயன்படுத்தினாலும் சில இடங்களில் கவனம் வேண்டும்.

ஒன்று, எழுத்து வரிசை. பாமினியில் கண்ணுக்குத் தெரியும் வரிசையில்தான் குறிகள் சேமிக்கப்படும். 'பே' என்றால் முதலில் கொம்பு, பிறகு 'ப'. ஒருங்குறியில் மெய் முதலில், உயிர்க்குறி பின்னால். ஆகவே மாற்றும்போது இடம் மாற்ற வேண்டும். அதிலும் 'போ' போன்ற மூன்று குறி எழுத்துகளை முதலில் மாற்றிவிட்டுத்தான் 'பே' போன்ற இரண்டு குறி எழுத்துகளுக்கு வர வேண்டும். மாற்றிச் செய்தால் 'பே' தனியாகவும் கால் தனியாகவும் நிற்கும். திரையில் 'போ' என்றே தெரிவதால் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் 'போகவில்லை' என்று தேடினால் சில நிரல்களில் அந்த இடங்கள் அகப்படாது. ஒருங்குறியில் இதற்கென இயல்பாக்கம் என்றொரு முறை இருக்கிறது. உரை முழுவதையும் என்எஃப்சி வடிவத்துக்கு ஒருமுறை மாற்றிவிட்டால், பிரிந்து நின்ற துண்டுகள் ஒன்றாகிவிடும்.

இரண்டாவது, இணையத்தில் நாம் அனைவரும் பார்த்துப் பழகிய 'வௌியே'. பாமினியில் 'ள' எழுத்துக்கும் ஔகாரத்தின் பின்பகுதிக்கும் ஒரே விசைதான். எனவே 'வெளி' என்பதிலுள்ள கொம்பையும் 'வ'-வையும் 'ள'-வையும் கண்ட மாற்றி, அதை 'வௌ' என்று எடுத்துக்கொண்டு, மிச்சமிருக்கும் விசிறியை அதன் தலையில் கட்டிவிடுகிறது. இதற்குத் தீர்வு எளிது. ஔகாரக் குறிக்குப் பின்னால் இன்னோர் உயிர்க்குறியோ புள்ளியோ வருவது தமிழில் இயலாது. அப்படி வந்திருந்தால் அது ஔகாரம் அல்ல, 'ள'தான். இந்த ஒரே விதியை எழுதியதும் 'வௌியே', 'வௌ்ளம்', 'தௌிவு' ஆகியவை எல்லாம் சரியாகிவிட்டன. 'கௌரவம்' போன்ற ஒரு சில சொற்களை மட்டும் கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

மூன்றாவது, ஆங்கிலம் கலந்த வரிகள். வெறும் உரையாக ஏற்றுமதி செய்தால் எது பாமினி, எது உண்மையான ஆங்கிலம் என்ற வேறுபாடு மறைந்துவிடும். 'மீ' என்ற ஆங்கிலச் சொல் 'அந' என்று மாறும். ஆங்கிலத் தொடரிலுள்ள காற்புள்ளி ஒவ்வொன்றும் 'இ' ஆகிவிடும், ஏனெனில் பாமினியில் 'இ' இருப்பது அந்த விசையில்தான். ஆகவே பழைய வேர்ட் கோப்பை லிப்ரெஆபீஸ் மூலம் புதிய டாக்எக்ஸ் வடிவத்துக்கு மாற்றி, ஒவ்வொரு துண்டுக்கும் எந்த எழுத்துரு இடப்பட்டிருக்கிறது என்று பார்த்து, பாமினி என்றிருக்கும் துண்டுகளை மட்டும் மாற்றும்படி நிரல் எழுதினேன். சில துண்டுகளில் எழுத்துருவின் பெயரே இருக்காது. அங்கே பத்தியின் பாணியிலிருந்து அதைப் பெற வேண்டும்.

நான்காவது, வேர்டின் தானியங்கித் திருத்தம். வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்குவது அதன் வழக்கம். பாமினியில் சிறிய எம் 'அ', பெரிய எம் 'ஆ'. சிறிய ஈ 'ந', பெரிய ஈ 'நு'. ஆகையால் அந்த வசதியை அணைக்காமல் எழுதிய நாட்களில், வாக்கியத்தைத் தொடங்கும் 'அவர்' எல்லாம் 'ஆவர்' என்றும், 'நான்' எல்லாம் 'நுான்' என்றும் ஆகியிருந்தன. இவற்றைத் திருத்தும்போதுதான், எத்தனை வாக்கியங்கள் 'நான்' என்று தொடங்குகின்றன என்பது உறைத்தது. பக்கம் பக்கமாக, ஒரு பத்தியில் ஐந்தாறு இடங்களில், உடைந்த 'நான்'களைத் தேடித் தேடிச் சரிசெய்தேன். வேறொருவர் எழுத்தாக இருந்திருந்தால் சலிப்போடு மூடி வைத்திருப்பேன்.

மாற்றம் சரியாக நடந்ததா என்று சோதிக்க ஒரு நல்ல வழி உண்டு. உரையிலுள்ள சொற்களை எல்லாம் பிரித்து, எத்தனை முறை வருகின்றன என்ற கணக்கோடு பட்டியலிட வேண்டும். பட்டியலின் அடியில், ஒரே ஒருமுறை வரும் சொற்களிடையே, மாற்றத்தில் உடைந்தவை கொத்துக் கொத்தாகக் கிடக்கும். அவற்றோடு தட்டச்சுப் பிழைகளும், இன்று நான் பயன்படுத்தாத பேச்சு வழக்குகளும் கலந்திருக்கும். பட்டியலின் மேற்பகுதியைச் சோதனைக்காகப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. ஆனால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. 'நான்', 'இல்லை', 'மணி', 'நாளை', 'அவர்கள்' ஆகியவை மேலே நின்றன. மனிதர்களின் பெயர்கள் வெகு கீழே இருந்தன. நான்கு ஆண்டுக் குறிப்புகளில் ஒருவர் பெயர்கூட முதல் நூறு சொற்களுக்குள் வரவில்லை.

'தனிமை' என்று தேடினேன். நினைத்ததைவிட மிகச் சில இடங்களில்தான் இருந்தது. அவையும் பெரும்பாலும் கவிதை என்று நினைத்து எழுதியவற்றில், அலங்காரமாக வந்தவை. தனிமை உண்மையில் இருந்த இடங்களில் அந்தப் பெயர் இல்லை. தவறான எண்ணுக்கு வந்த ஒரு தொலைபேசி அழைப்பு, அதில் மறுமுனையில் இருந்தவர் மன்னிப்புக் கேட்டது, தொண்டை கட்டியிருக்கிறதா என்று அவரிடம் நான் கேட்டது, அவர் சிரித்தது என்று அரை நிமிடப் பேச்சு ஒன்று ஒரு முழுப் பத்தியாக எழுதப்பட்டிருக்கிறது. அந்தக் குறிப்பில் வருத்தம் எதுவும் சொல்லப்படவில்லை, உற்சாகமாகவே இருக்கிறது. ஆனால் அரை நிமிடத்துக்கு அவ்வளவு இடம் கொடுத்தவனின் மற்ற மணிநேரங்கள் எப்படி இருந்திருக்கும் என்று கேட்டுக்கொள்ளாமல் அதைப் படிக்க முடியாது.

தனிமையை அளக்கும் ஆய்வாளர்களும் ஏறக்குறைய இப்படித்தான் செய்கிறார்கள் என்று பின்னர் படித்தபோது எனக்கு வியப்பாக இருக்கவில்லை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தின் பெயரில் அறியப்படும் அளவுகோல் 1978-இல் 20 கூற்றுகளோடு வெளிவந்தது. பெரிய கணக்கெடுப்புகளில் பயன்படுத்துவதற்காக 2004-இல் அதிலிருந்து மூன்று கேள்விகள் கொண்ட ஒரு சுருக்க வடிவம் தயாரானது. துணை இல்லை என்று எவ்வளவு அடிக்கடி உணர்கிறீர்கள், ஒதுக்கப்பட்டதாக எவ்வளவு அடிக்கடி உணர்கிறீர்கள், பிறரிடமிருந்து விலகி நிற்பதாக எவ்வளவு அடிக்கடி உணர்கிறீர்கள் என்பவைதான் அவை. நேராகக் கேட்டால் மனிதர்கள் ஒப்புக்கொள்ளக் கூச்சப்படுவார்கள் என்பதால் சுற்றி வளைத்துக் கேட்பது பயனுள்ளதாக இருக்கிறது. என் குறிப்புகளில் நானே அந்தக் கூச்சத்தோடுதான் இருந்திருக்கிறேன், கேட்பதற்கு எவரும் இல்லாத இடத்திலும்.

இந்தக் கூச்சத்துக்கு இன்னும் தெளிவான சான்று, எதிர்பாராத ஓரிடத்தில் கிடைத்தது. வேர்ட் 97-இல் விரைவுச் சேமிப்பு என்றொரு வசதி இருந்தது. நேரத்தை மிச்சப்படுத்துவதற்காக, கோப்பை முழுவதும் திரும்ப எழுதாமல், மாற்றங்களை மட்டும் கடைசியில் ஒட்டிவைக்கும். விளைவாக, நாம் அழித்த வாக்கியங்கள் திரையில் மறைந்தாலும் கோப்புக்குள்ளேயே தங்கிவிடும். கோப்பின் பைட்டுகளை நேராகக் காட்டும் கருவியில் திறந்தால் அவற்றைப் படிக்கலாம். பாமினி ஆங்கில எழுத்துகளாகவே சேமிக்கப்படுவதால், படிக்கக்கூடிய எழுத்துத் தொடர்களை மட்டும் பிரித்துத் தரும் 'ஸ்ட்ரிங்ஸ்' என்ற எளிய கட்டளையே போதும். இறுதி வடிவத்தில் "இன்று விடுமுறை. நன்றாகத் தூங்கினேன்" என்று இருக்கும் ஒரு குறிப்பின் அடியில், அழிக்கப்பட்ட ஒரு வாக்கியம் கிடைத்தது: "ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று வராமலே இருந்தால் நல்லது." இதுபோலப் பல. ஏறக்குறைய எல்லாத் திருத்தங்களும் ஒரே திசையில் போயிருந்தன. முதலில் எழுதியது கசப்பாகவும், திருத்தி எழுதியது பரவாயில்லை என்ற தொனியிலும் இருந்தன. வேறு எவரும் படிக்கப்போவதில்லை என்று தெரிந்தும் ஒருவன் தன் குறிப்புக்கு முகப்பூச்சு பூசுகிறான் என்றால், யாரோ படிக்கிறார்கள் என்ற நினைப்பில்தான் எழுதியிருக்க வேண்டும். அந்த யாரோ ஒருவர்தான் அவனுக்கு அப்போது கிடைத்த துணை என்று நினைக்கிறேன்.

அழித்தவற்றை என்ன செய்வது என்பதில் சில நாட்கள் தயங்கினேன். இறுதியில், சுத்தமான உரையில் அவற்றைச் சேர்க்கவில்லை. அழிக்க வேண்டும் என்று முடிவெடுத்தவனுக்கு அந்த உரிமை உண்டு. படிமக் கோப்பு பத்திரமாக இருப்பதால் அவை தொலைந்துபோகவும் இல்லை.

வேர்ட் கோப்புகள் இன்னொன்றையும் நினைவில் வைத்திருக்கின்றன. மொத்தத் திருத்த நேரம் என்ற ஒரு கணக்கு கோப்பின் பண்புகளில் இருக்கும். லினக்ஸில் 'ஃபைல்' என்ற கட்டளையைக் கொடுத்தாலே, உருவாக்கிய தேதி, கடைசியாகச் சேமித்த தேதி ஆகியவற்றோடு இதையும் காட்டிவிடும். கணினியின் கடிகாரம் 1980-இல் நின்றிருந்தாலும் இந்தக் கணக்கு பொருளுள்ளதாகவே இருக்கும், ஏனென்றால் இது தேதி அல்ல, கோப்பு திறந்திருந்த கால அளவு. நான்கு வரிகள் மட்டுமே உள்ள ஒரு கோப்பில் இந்த நேரம் மூன்று மணிக்கு மேல் இருந்தது. இடையில் எழுந்து வேறு வேலை பார்த்திருக்கலாம், தூங்கியும் போயிருக்கலாம். ஆனால் இதே நிலை கோப்புக்குக் கோப்பு தொடர்ந்தபோது, எழுதுவதற்காக மட்டும் அந்தக் கோப்புகள் திறக்கப்படவில்லை என்று புரிந்தது. அறையில் ஒளிரும் ஒரு திரை இருக்கட்டும் என்று திறந்துவைத்திருக்கிறேன். குறிப்புகளின் எந்த வரியையும்விட இந்த எண்களைத்தான் நான் நம்புகிறேன்.

அடுத்து, எல்லாவற்றையும் நாள்வாரியாக அடுக்கிய பிறகு தெரிந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். குறிப்புகளிடையே பெரிய இடைவெளிகள் இருந்தன. சில இடங்களில் வாரக்கணக்கில், ஓரிடத்தில் மாதக்கணக்கில். வட்டு ஏதேனும் தொலைந்ததோ என்றுதான் முதலில் சந்தேகித்தேன். ஆனால் இடைவெளிக்கு முன்னும் பின்னும் உள்ள கோப்புகள் ஒரே வட்டில் அடுத்தடுத்து இருந்தன. இடையில் எதுவும் அழிக்கப்பட்டதாகவும் தெரியவில்லை. நெகிழ்வட்டில் ஒரு கோப்பை அழித்தால் அடைவுப் பட்டியலில் அதன் பெயரின் முதல் எழுத்து மட்டும்தான் போகும். மீதிப் பெயரும், இடம் வேறொன்றுக்குக் கொடுக்கப்படாதவரை உள்ளடக்கமும் அப்படியே இருக்கும். அப்படிப்பட்ட தடயமும் இல்லை. ஆகவே அந்த நாட்களில் நான் எதையும் எழுதவில்லை என்பதே உண்மை.

அந்தக் காலத்தில் அதே ஊரில் வேலை பார்த்து இன்றும் தொடர்பில் இருக்கும் நண்பனிடம், அந்தக் குறிப்பிட்ட மாதங்களைச் சொல்லிக் கேட்டேன். "அப்போதா? நீ எங்கே தனியாக இருந்தாய்? பாதி இரவு எங்கள் அறையில்தான் கிடந்தாய். சீட்டாடிவிட்டு அங்கேயே படுத்துத் தூங்கிவிடுவாய்" என்றான். எனக்கு அது மங்கலாகத்தான் நினைவிருந்தது. குறிப்புகளில் இல்லாததால் காலப்போக்கில் இல்லாததாகவே ஆகிவிட்டது. யாருடனாவது இருந்த இரவுகளில் எழுதவில்லை. எவரும் இல்லாத இரவுகளில் எழுதினேன். ஆக இந்தக் குறிப்புகள் அந்த நான்கு ஆண்டுகளின் பதிவு அல்ல, அவற்றிலிருந்த தனித்த இரவுகளின் பதிவு மட்டுமே. இருந்தும், என் இருபதுகளைப் பற்றி யாரேனும் கேட்டால் மொத்தமும் தனிமைதான் என்று இத்தனை காலம் சொல்லிவந்திருக்கிறேன். நாட்குறிப்பு எழுதும் பழக்கமுள்ளவர்கள் பலருக்கும் இது பொருந்தும் என்று தோன்றுகிறது.

அதற்காக, எழுதியவன் மிகைப்படுத்தினான் என்று ஒதுக்கிவிடவும் நான் தயாராக இல்லை. சீட்டாட்டத்துக்கு ஆள் இருந்த காலத்திலும், இடைவெளிக்கு முந்தைய கடைசிக் குறிப்பும் பிந்தைய முதல் குறிப்பும் ஒரே தொனியில்தான் இருக்கின்றன. ராபர்ட் வைஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973-இலேயே தனிமையை இரண்டாகப் பிரித்தார்: நண்பர்கள், அண்டை அயலார் என்ற வட்டம் இல்லாததால் வருவது ஒன்று, மனம் ஒட்டிய ஒருவர் இல்லாததால் வருவது மற்றொன்று. ஒன்றை வைத்து மற்றொன்றை நிரப்ப முடியாது என்பது அவருடைய கருத்து. நண்பன் சொன்னதையும் குறிப்புகள் சொல்வதையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, எனக்கு முதல் வகை விட்டு விட்டுத்தான் இருந்தது, இரண்டாவது வகை தொடர்ந்து இருந்தது என்று சொல்லலாம். அந்த வயதில் இதைப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. என்னிடம் ஏதோ ஒரு குறை இருக்கிறது என்றுதான் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். பிரிட்டன் 2018-இலும் ஜப்பான் 2021-இலும் தனிமைக்கென்றே அமைச்சர்களை நியமித்த செய்தி இருபது ஆண்டுகள் முன்னதாக வந்திருந்தால், அந்தப் பக்கங்களில் பாதியாவது குறைந்திருக்கும்.

எழுதியதால் பயன் ஏதும் இருந்ததா என்பதற்கும் குறிப்புகளிலேயே ஓரளவு விடை கிடைக்கிறது. மனத்தைப் பாதித்தவற்றை எழுதுவது குறித்த ஜேம்ஸ் பென்னிபேக்கரின் பரிசோதனை 1986-இல் வெளியானது. அதில் பங்கேற்றவர்கள் நாளைக்கு 15 நிமிடம் வீதம் நான்கு நாட்கள் எழுதினார்கள். பின்னாளில் அவரும் உடன் ஆய்வாளர்களும், எழுத எழுத 'ஏனெனில்', 'புரிகிறது' போன்ற சொற்கள் கூடிக்கொண்டு போனவர்களுக்கே பலன் அதிகம் கிடைத்ததைக் கவனித்தார்கள். சொற்பட்டியலை ஆண்டுவாரியாகப் பிரித்துப் பார்த்தேன். முதல் மூன்று ஆண்டுகளில் ஒரே புலம்பல் சுற்றிச் சுற்றி வருகிறது. கடைசி ஆண்டில் மட்டும் காரணம் தேடும் வாக்கியங்கள் தென்படுகின்றன. பெயர்களும் வரத் தொடங்குகின்றன. அது எழுத்தின் பலனா, வேலையில் ஏற்பட்ட மாற்றத்தின் பலனா என்று என்னால் பிரிக்க முடியாது.

மீட்டவற்றைச் சேமித்து வைத்திருக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு தனி உரைக்கோப்பு; ஒருங்குறியின் யூடிஎஃப்-8 வடிவம்; கோப்பின் பெயர் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எண்களாக இருப்பதால் தானாகவே வரிசைப்படும். எழுதாத நாட்களுக்கு வெற்றுக் கோப்பு எதையும் உருவாக்கவில்லை; ஆனால் தொடக்கத்தில் ஓர் அட்டவணைக் கோப்பு இருக்கிறது, அதில் இடைவெளிகளின் தொடக்கமும் முடிவும் குறிக்கப்பட்டு, பக்கத்தில் நண்பன் சொன்னதும் எழுதப்பட்டிருக்கிறது. படிக்க முடியாத பிரிவுகளால் வாக்கியம் அறுந்த இடங்களில் சதுர அடைப்புக்குறிக்குள் 'படிக்க இயலவில்லை' என்று மட்டும் இட்டேன். நினைவிலிருந்து எதையும் நிரப்பவில்லை. வட்டுப் படிமங்கள், அவற்றின் வரைபடக் கோப்புகள், மூல வேர்ட் கோப்புகள், பாமினி எழுத்துருக் கோப்பு, மாற்றத்துக்கு எழுதிய நிரல் ஆகியவை ஒரே அடைவில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஷா-256 சரிபார்ப்புத் தொகை கணக்கிட்டு வைத்திருப்பதால், பின்னாளில் நகல் கெட்டுப்போனால் தெரிந்துவிடும். மூன்று நகல்கள், இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு இடத்தில் என்ற வழக்கமான விதியைப் பின்பற்றியிருக்கிறேன். பிறரைப் பற்றி எழுதியவை இருப்பதால் வெளியிடத்தில் உள்ள நகல் மறையாக்கம் செய்யப்பட்டது.

ஒரே ஒரு வட்டு மட்டும் இன்னும் முரண்டு பிடிக்கிறது. அடைவுப் பட்டியல் இருக்கும் முதல் தடம் நன்றாகவே இருப்பதால் அதில் என்னென்ன கோப்புகள் இருக்கின்றன என்று தெரிகிறது. நடுத் தடங்கள் இரண்டு இயக்கிகளிலும் வரவில்லை. யூஎஸ்பி இயக்கிகள் பிரிவுகளாகப் பிரித்த தரவை மட்டுமே தரும். காந்தப் படலத்திலிருந்து வரும் துடிப்புகளையே அப்படியே பதிவு செய்யும் கிரீஸ்வீசல் போன்ற பலகைகளைப் பழைய உள்ளிணைப்பு இயக்கியோடு சேர்த்துப் பயன்படுத்தினால், பலவீனமான பிரிவுகளையும் பல முறை படித்து ஒப்பிட்டு மீட்க வாய்ப்பு உண்டு. பலகை வந்துவிட்டது, அதற்குப் பொருந்தும் இயக்கியின் பட்டை வடத்துக்காகக் காத்திருக்கிறேன்.